ஏழாம் கல்லின் முதுகு

அட்டைக்காரரே,

இன்று காலை தாமல் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். விடியலில் ஒரு மழை அடித்து ஓய்ந்திருந்தது. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரெல்லாம் ஊறிப்போய் பாதி உரிந்து தொங்கின. அந்த ஈரக் காகித வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. காஞ்சிபுரம் பஸ் வந்தது. "பெருசு, ஏறுறியா, இல்ல பஸ்ஸுக்குக் காவல் நிக்கிறியா?" என்றான் கண்டக்டர். கையைக் காட்டி அனுப்பிவிட்டேன். வந்த பஸ்ஸைத் திருப்பி அனுப்பிய ஆள் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்தன்தான்.

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. உனக்கு எழுத வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அதனால்தான் வீட்டுக்குத் திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

உன்னை முதலில் பார்த்தபோது நீ போஸ்டர் ஒட்ட வந்தவன் என்றுதான் நினைத்தேன். நம்ம ஊர் ஈஸ்வரன் கோயில் பின்சுவரில், அடிப்பகுதிப் பட்டைக்கல்லின் மேல், ஈரக் காகிதத்தை விரித்து பிரஷ்ஷால் பொத்துப் பொத்தென்று அடித்துக்கொண்டிருந்தாய். நான் வரப்பிலிருந்தே குரல் கொடுத்தேன். என் குரல் வாலாஜாபாத் வரைக்கும் கேட்கும், தெரியும்தானே.

"யாருய்யா அது? எந்தக் கட்சி?"

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கட்சி இல்லீங்க. கல்லுல பழைய எழுத்து இருக்குது. அதக் காகிதத்துல மைப்படி எடுக்கிறேன்."

"யாரக் கேட்டு எடுக்கிற?"

"குருக்களக் கேட்டேன். திருப்பணிக்குழுத் தலைவர்னு ஒருத்தர் இருக்காரு, எப்படியும் வந்து கத்துவாரு, அதுவரைக்கும் எடுத்துக்கினு இருன்னாரு."

அன்றைக்கே உன்னைத் துரத்தியிருக்க வேண்டும். துரத்தவில்லை, சந்தேகப்பட ஆரம்பித்தேன். சந்தேகம் எங்கள் பரம்பரைச் சொத்து. பாலில் தண்ணி இருக்கிறதா என்று மாட்டையே விசாரிப்பவர் என் அப்பா. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். ஒன்பதாவதுக்கும் போனேன், கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் கொஞ்சம் கருத்து வேறுபாடு. ஆனாலும் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன். உன்னை முதல் வாரம் சிலைத் திருடன் என்று எடை போட்டேன். அடுத்த வாரம் புதையல் தேடுகிறவன். அதற்கடுத்து, கோயிலைக் கையகப்படுத்த அரசாங்கம் அனுப்பிய ஆள். உன் சைக்கிள் பையைக்கூட ஒருநாள் திறந்து பார்த்தேன், இப்போது சொல்வதற்கென்ன. எலுமிச்சை சாதமும் மைக்குப்பியும்தான் இருந்தன. எலுமிச்சை சாதம் கொண்டுவருகிறவன் புதையல் எடுக்கமாட்டானா என்று அதிலும் ஒரு சந்தேகம்.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் உன் பின்னாலேயே பஸ் ஏறி பிள்ளையார்பாளையம் வந்தேன். சும்மா அந்தப் பக்கம் வந்ததாகச் சொன்னேன். நீ நம்பினாயோ இல்லையோ, மோர் கொடுத்தாய். உன் வீட்டுக் கூடம் முழுக்க ஓட்டை போட்ட அட்டைகள். பட்டுச் சேலையில் என்ன பூ வரவேண்டும் என்பதை அந்த ஓட்டைகள்தான் தறிக்குச் சொல்லும் என்று விளக்கினாய். நீ ஓட்டை குத்தி, நம்பர் போட்டு, நூலால் கோத்துக் கொடுக்கிற அட்டை மாலை தறிமேல் இருக்கிற பெட்டியில் ஏறிச் சுற்றும். ஒவ்வொரு அட்டைக்கும் நாடா ஒரு ஓட்டம். அன்றைக்கு ஒரு நெசவாளி வந்து, பாதி சேலையில் அன்னத்துக்குத் தலை போய் வால் முளைத்துவிட்டதாகச் சண்டை போட்டார். தறியைத் திட்டினார், பெட்டியைத் திட்டினார், உன்னையும் விடவில்லை. நீ அட்டை மாலையைத் தரையில் விரித்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து, ஓரிடத்தில் நிறுத்தினாய்.

"புட்டா ஒடைஞ்சா தறியத் திட்டாதபா. அட்டை வரிசையப் பாரு. அறுந்ததக் கோக்கறப்ப மாத்திக் கோத்துட்டியே."

அவர் உட்கார்ந்து நூலை அவிழ்க்க ஆரம்பித்தார். நான் மனதுக்குள், இந்த ஆள் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது போலிருக்கே என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எனக்குக் காரணம் இருந்தது.

அதை இத்தனை நாள் எவரிடமும் சொல்லவில்லை. நீ நம்ம ஊருக்கு வருவதற்கு ஏழெட்டு வருஷம் முன்னால் கோயில் பின்சுவர் மண்ணில் இறங்கிப்போய், திருப்பணி நடந்தது. நான்தான் தலைவர். கல்தச்சன் நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்த வேலையை நான் ஒரே பார்வையில் முடிவு செய்தேன்: பட்டைக்கல்லையெல்லாம் கழற்றி, அடித்தளம் போட்டு, திரும்ப வைப்பது. எந்தக் கல் எங்கே இருந்தது என்று தெரியவேண்டுமே? நம்பர் போடுவோம் என்றேன். அதுவும் என் யோசனைதான். முன்பக்கம் பெயின்ட் அடித்தால் பத்திரிகைக்குப் போட்டோ எடுக்கும்போது அசிங்கமாகத் தெரியும் என்று, கல் சங்கிலியில் தொங்கும்போதே பின்பக்கம் சிவப்பு எனாமலில் நம்பர் போட்டேன். கடப்பாரையால் நெம்பினதில் ஓரங்கள் உடைந்தன. உடைந்தால் என்ன, கல்தானே. தச்சனும் ஆட்களும் வெளியூர், பின்பக்கம் தட்டி கட்டி மறைத்திருந்தது, ஊரில் ஒருத்தரும் பார்க்கவில்லை.

எழுத்து தேயக்கூடாது என்று கல்தச்சன் எல்லாக் கல்லையும் முகத்தை மேலே வைத்துப் படுக்கப் போட்டிருந்தான். நம்பர் மண்ணைப் பார்த்துக் கிடந்தது. ஒவ்வொன்றையும் புரட்ட ஆறு பேர் வேண்டும். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. "எந்தக் கல்லு எங்கய்யா?" என்று கேட்டான். "எது எங்க பொருந்துதோ அங்க வை. இத எவன் படிக்கப் போறான்," என்றேன்.

நீ படிக்க வந்தாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மைப்படிகளைப் பிரகாரத்தில் காயவைத்துவிட்டு என் பக்கம் வந்து உட்கார்ந்தாய். அதற்குள் நாம் 'நீங்க'வை விட்டு 'நீ'க்கு வந்திருந்தோம்.

"தலைவரே, ஒரு வரி இந்தக் கல்லுல 'ஏரிக்கு'ன்னு நிக்குது. அடுத்த கல்லுல யாரோ ஒருத்தன் பேரு பாதியிலேர்ந்து ஆரம்பிக்குது. அன்னத்துக்கு வால் மொளைச்ச கததான். திருப்பணியில கல்ல எதுனா எடுத்தியா?"

"ஒத்தக் கல்லக்கூடத் தொடல. சாமி வச்ச கல்லு."

"சுண்ணாம்புதான் அடிச்சியா?"

"அதுகூட மேலாக்கத்தான்."

நீ விரலில் ஒட்டின மையைத் துடைத்துக்கொண்டாய். "சரி தலைவரே," என்றாய். அந்த 'சரி'யை நான் அன்றிலிருந்து நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். திருவிழாவில் முதல் பரிவட்டம் என் தலைக்குத்தான் கட்டுவார்கள். பின்சுவரைக் காப்பாற்றியவன் என்றுதான் அந்த மரியாதை. அந்தச் சுவரைக் குழப்பினவனும் நான்தான் என்று தெரிந்தால், பரிவட்டம் என் பங்காளி தலைக்குப் போகும். அவன் தலைக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

நீ என்னை விட்டுவிட்டு அட்டைக்காரன் வேலையைச் செய்தாய். கூடத்தில் அட்டைகளை ஒதுக்கிவிட்டு மைப்படிகளை விரித்தாய். கல்லும் கல்லும் சேருமிடத்தில் பாதி எழுத்து இங்கே, பாதி எழுத்து அங்கே நிற்குமாம். அந்தப் பாதிகளைத் தேடித் தேடிச் சேர்த்தாய். எத்தனையோ ஞாயிறுகள். ஒருநாள் கூப்பிட்டனுப்பினாய். தரையில் காகிதங்கள் நீளமாக, வரிசையாக. மங்கலச் சொல்லில் ஆரம்பித்து, ஐந்து வரி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடின. நீ கூடவே நடந்து படித்துக் காட்டினாய்.

சோழர் காலத்து எழுத்து என்றாய். சுற்றியுள்ள ஊர்க்காரர்களெல்லாம் கூடி உட்கார்ந்து, ஏரித் தண்ணியை எப்படிப் பங்கு வைப்பது, மடையை யார் செப்பனிடுவது என்று முடிவெடுத்த இடம் நம்ம ஊர்தானாம். பெரிய ஊர்களெல்லாம் நம்ம ஊர் குளக்கரைக்கு வந்து காத்திருந்திருக்கின்றன. இன்றைக்கு நம்ம ஊரில் பஸ்ஸே நிற்காது. தாமலில் இறங்கி நடக்கவேண்டும். எனக்கு ரோமம் சிலிர்த்தது. உனக்குக் கண் கலங்கியிருந்தது. அது மைப்பொடி பட்டதால் என்று நான் அப்போது நினைத்தேன்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். டீக்கடைக்குப் போனேன். முதல் நாள் நீ சொன்னபடிதான் சொன்னேன். இரண்டாம் நாள் ராஜா யானைமேல் வந்தார். மூன்றாம் நாள் அவர் யானையை விட்டிறங்கி, என் மூதாதையிடம் அனுமதி கேட்டுத்தான் ஊருக்குள் நுழைந்தார். டீக்கடைக்காரர், "நாய்னா, அந்த யானை இன்னும் உங்க கொட்டாயிலதான் கட்டியிருக்குதா?" என்று கேட்டார். கதை கேட்டவனெல்லாம் சிரித்தான், ஆனால் போகிற ஊரிலெல்லாம் சொன்னான்.

அதனால்தான், கல்வெட்டு ஆர்வலர்கள் காஞ்சிபுரத்தில் கூடிய அந்தக் கூட்டத்துக்கு உன் காகிதம் போவதற்கு முன்னாலேயே என் யானை போய்ச் சேர்ந்துவிட்டது. நீ வெள்ளை வேட்டி கட்டி, மைப்படிகளைச் சுருட்டி மார்போடு பிடித்துக்கொண்டு வந்தாய். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ படித்து முடித்ததும், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எழுந்தார்.

"சுவரில் இருக்கிற வரிசையில் படித்தால் இந்தப் பொருள் வரவில்லையே. கற்கள் இடம் மாறியிருக்கின்றன என்பதற்கு என்ன ஆதாரம்?"

"ஓரம் உடைஞ்சிருக்குதுங்க. இருந்தாலும் எழுத்து சேருது."

"உடைந்த ஓரத்தில் எதையும் சேர்க்கலாம். அந்தக் கோயிலில் கல்லைக் கழற்றினார்களா? யாராவது சொன்னார்களா?"

நீ என் பக்கம் திரும்பவில்லை. "யாரும் சொல்லலீங்க. எனக்குத் தோணுது," என்றாய்.

"ராஜா யானையைவிட்டு இறங்கி அனுமதி கேட்டதாகவும் அந்த ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அதுவும் இந்தக் கல்லில்தான் இருக்கிறதா?"

எல்லோரும் சிரித்தார்கள். வேண்டியபடி வரிசையை மாற்றிக் கதை கோத்திருக்கிறார் என்று பின்வரிசையில் ஒருவன் சொன்னது எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும். நான் மேல்துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை மடித்தேன்.

திரும்பும்போது பஸ் நிலையம் வரைக்கும் என்கூட வந்தாய். அந்தச் சுருளைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "கல்லுன்னா நல்ல கனமாத்தான் இருக்கும்ல தலைவரே," என்றாய். அவ்வளவுதான். நான் "இருக்கும், இருக்கும்," என்றேன். உனக்குத் தெரிந்துதான் அப்படிச் சொன்னாயா? அதற்கப்புறம் நீ "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்றால்கூட நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறாய் என்று. உன்னைத் திருடனென்று சந்தேகப்பட்ட காலம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

நீ கோயிலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாய். அப்புறம் மார்வலி என்றார்கள். நான் வந்து சேர்ந்தபோது உன்னை வாசலில் கிடத்தியிருந்தார்கள்.

பதினாறாம் நாள் முடிந்து உன் மகள் என்னைக் கூடத்துக்குக் கூப்பிட்டாள். சேலைக்கடையில் வேலை பார்க்கிற பெண், நறுக்கென்று பேசுவாள். மைப்படிச் சுருளை எடுத்து வைத்தாள்.

"பெரியப்பா, அந்தக் கூட்டத்துக்கப்புறம் எங்க கடைக்கு வர்றவங்ககூட, கத கட்டுறவரு பொண்ணான்னு கேக்கறாங்க. அப்பா சாவற வரைக்கும் ஒண்ணும் சொல்லல. நீங்க அந்தக் கோயில் ஆளு. அப்பா சொன்னது நெசமா, இல்ல அவரா கோத்துக்கினாரா?"

"உங்கப்பா பொய் சொல்ற ஆளு இல்லம்மா."

"அது எனக்குத் தெரியும். நெசமான்னு கேட்டேன்."

இவளுக்கும் தெரிந்திருக்குமோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அப்பனுக்கு நல்ல பேர் மட்டுமாவது மிஞ்சவேண்டும் என்று நிற்கிற பெண்ணின் முகம்தான் அது. காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அவள் விடவில்லை. மனு எழுதிப் போட்டிருக்கிறாள். போன ஆவணியில் தொல்லியல் துறையிலிருந்து ஒரு மேடம் சுவரைப் பார்க்க வந்தார். உன் மகளும் சுருளோடு வந்திருந்தாள். ஊரே கூடிவிட்டது. மேடம் சுவரை ஒட்டி இரண்டு தடவை நடந்து பார்த்து, "இடம் மாறின மாதிரிதான் இருக்கு. ஆனா திருப்பணி பத்தி எழுதி வச்ச பதிவு எதுவும் இல்ல. திருப்பணி நடந்தப்ப இருந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்றார்.

பங்காளி எனக்கு நேர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். நான் முன்னால் போனேன்.

"நான்தாம்மா கழட்டினேன். நான்தான் மாத்தி வச்சேன். ஓரத்த ஒடைச்சதும் நான்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். "மாமா ஆரம்பிச்சிட்டாரு," என்றான் ஒருவன். "போன மாசம் தேரத் தனியாளா இழுத்தேன்னியே மாமா, அதையும் மேடம் நோட்டுல எழுதச் சொல்லு," என்றான் இன்னொருவன். பங்காளிகூட, "பேரு வரணும்னா பழிய வேணும்னாலும் வாங்கிக்குவாரு மேடம், கண்டுக்காதீங்க," என்றான். மேடம் பேனாவை மூடினார்.

அட்டைக்காரரே, என் வாழ்நாளில் நான் சொன்ன யானையை நம்பியவர்கள் உண்டு. தேரை நம்பியவர்கள் உண்டு. கூட்டிக் குறைக்காமல் ஒன்று சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. உன் மகள் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். காஞ்சிபுரம் கூட்டத்தில் நீ நின்றது இப்படித்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பின்பக்கம் நம்பர் போட்டிருக்குது," என்று கத்தினேன். குரல் தாமல் ஏரிக்கு அந்தாண்ட கேட்டிருக்கும்.

வடக்கு மூலையில் அரசஞ்செடி வேர்விட்டு ஒரு கல்லைப் பிதுக்கி வைத்திருந்தது. மேடத்தின் ஆட்கள் வேரை அறுத்து, மரக்கட்டை கொடுத்து, ஓரம் உடையாமல் பதமாக ஒரு முழம் வெளியே இழுத்தார்கள். மேடம் குனிந்து டார்ச் அடித்தார். சிவப்பு எனாமல் அப்படியே இருந்தது. 7. அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில், என் பேர். அதற்கும் கீழே, திருப்பணிக்குழுத் தலைவர்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மேடம் உன் மகள் பக்கம் கையை நீட்டினார். சுருளிலிருந்து அந்தக் கல்லின் மைப்படியை, எழுத்தை ஒப்பிட்டுத் தேடி எடுத்தார்கள். நீ உன் அட்டைகளுக்குப் போடுகிற மாதிரியே ஒவ்வொரு காகிதத்தின் மூலையிலும், நீ சேர்த்த வரிசைப்படி, பென்சிலில் நம்பர் போட்டிருந்தாய். மேடம் மூலையைத் திருப்பிப் பார்த்தார். ஏழு.

"உங்க நம்பர் அவருக்குத் தெரியுமா? சொல்லியிருந்தீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"சொல்லியிருந்தா அவரு பொய்யராயிருக்க மாட்டாரும்மா."

உன் மகள் அந்தக் காகிதத்தை வாங்கி, மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குப் பேசியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

இந்த வருஷம் பரிவட்டம் பங்காளி தலையில். நான் சொன்னபடியே காதுவரைக்கும் இறங்கிவிட்டது. அதே பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு, உன் வரிசைதான் சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கோயில் வாசலில் நம்ம ஊர் பழைய பெருமையைச் சொல்லி ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். படித்தவர் என்று உன் பேர் இருக்கிறது. யானை இல்லை, நானே நின்று பார்த்துக்கொண்டேன்.

கல்லைத் திரும்ப வரிசைப்படி வைக்க இன்னும் உத்தரவு வரவில்லை. அதனால் அதைப் படிக்கவேண்டுமென்றால் நடக்கவேண்டும். உன் நோட்டை உன் மகள் எனக்கு நகல் எடுத்துக் கொடுத்தாள், கடைசியில். வெள்ளிக்கிழமை தோறும் போகிறேன். தெற்கு மூலையில் முதல் கல், அங்கிருந்து சுவர் நடுவுக்கு ஓடி இரண்டாவது, திரும்பி வந்து மூன்றாவது, இப்படியே போய் வடக்கு மூலையில் ஏழாவது. ஒரு வரி முடிய ஒரு ஓட்டம். ஐந்து வரிக்கு ஐந்து. முட்டி வலிக்கிறது. வெளியூரிலிருந்து வந்த அம்மா ஒருத்தி, "இது என்னா வேண்டுதல்ங்க, முன்னுக்கும் பின்னுக்கும் சுத்தறீங்க?" என்று கேட்டாள்.

ஐந்தாவது வரியின் கடைசியில் ஓரம் சிதறிப் போயிருக்கிறது. என் கடப்பாரை பட்ட இடம். உன் நோட்டில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, 'தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறாய். அங்கே என்ன பொருந்தும் என்று எனக்குப் பத்து விதமாகத் தோன்றுகிறது, அட்டைக்காரரே. ஒவ்வொன்றும் நாக்கு நுனி வரைக்கும் வருகிறது. அந்த இடத்துக்கு வந்ததும் விரலை எடுத்துவிடுகிறேன். தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடக்கிறேன்.